கடல்சார் தொழில் தொடங்குகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலத்தூண்களை நீருக்கடியில் படம்பிடிக்கும் சிறிய ரோபோ ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்திருக்கிறோம். நீச்சல் குளத்தில் நன்றாக ஓடுகிறது. அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்?
– பொறியியல் மாணவர், வேளச்சேரி

பதில்: பார்க்க வேண்டியவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், தம்பி. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வடிவமைக்கப்பட்ட மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி அங்கேதான் உருவாகிறது. ஐஐடி மெட்ராஸில் கடல் பொறியியலுக்கென்றே தனித் துறையும், தரமணியில் ஆராய்ச்சிப் பூங்காவும் உண்டு. நீங்கள் நினைக்கிற அதே வேலையைச் செய்யும் பிளானிஸ் டெக்னாலஜிஸ், 2015-ல் அந்த ஐஐடியிலிருந்து கிளம்பிய நிறுவனம்தான்.

ஆனால் அங்கெல்லாம் போவதற்கு முன் கருவியைக் கடலில் ஒருமுறை இறக்கிவிடுங்கள். குளத்துத் தண்ணீர் பொய் சொல்லும். துறைமுகத் தண்ணீரில் வண்டல் கலங்கி நின்றால் கேமராவுக்கு ஒரு முழம்கூடத் தெரியாது. ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் சோனார் வைத்தே ஆகவேண்டும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். உப்புநீருக்குள் ரேடியோ அலை ஓடாது என்பதால், தகவல் கேபிள் வழியாக வரவேண்டும், இல்லையென்றால் ஒலியாக வரவேண்டும்.

நான் செய்த முதல் கருவியை ஒரு விசைப்படகிலிருந்து பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இறக்கினேன். பன்னிரண்டாவது நிமிடம் படம் நின்றுபோனது. மேலே இழுத்து மூடியைத் திறந்தால், உள்ளே அரை டம்ளர் உப்புநீர். மூடியில் நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் கிரீஸில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. அந்த முடி ஓரமாகத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது. இன்றைக்கும் மூடுவதற்கு முன் ஓ-ரிங்கை விரல் நுனியால் ஒரு முழுச் சுற்று தடவிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. பிறகு இரண்டு வாரம் கருவியைத் தண்ணீரிலேயே தொங்கவிடுங்கள். கேமரா கண்ணாடியில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு கடல் உயிரும் எப்படிப் பிடிக்கின்றன என்று பார்த்துக் குறித்துவையுங்கள். ஆராய்ச்சியாளர் முன்னால் உட்காரும்போது, உங்கள் வீடியோவைவிட அந்தக் குறிப்புநோட்டுக்கு மதிப்பு அதிகம். இதை அடித்துச் சொல்வேன்.

கேள்வி: கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிறுவனத்தில் முதலீடு செய்யலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: யாருக்கு விற்கப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991-லேயே ஐஐடி மெட்ராஸ் குழு 150 கிலோவாட் அலை மின்நிலையத்தை இயக்கிக் காட்டியது. அதே ஐஐடியின் சிந்துஜா-1 கருவி 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கடலில் சோதிக்கப்பட்டபோது எடுத்தது 100 வாட். அளவு சுருங்கிவிட்டதே என்று நினைக்க வேண்டாம், இலக்கு வேறு. நடுக்கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைக்குக் கரையிலிருந்து ஒயர் இழுக்க முடியாது. அதற்கு அந்தச் சிறிய மின்சாரமே போதும். ஊருக்கு மின்சாரம் என்று சொல்கிறவர்களைவிட, மிதவைக்கு மின்சாரம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவேன்.

கேள்வி: ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் போடப்போகிறோம். எங்கள் கண்டுபிடிப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– புதுநிறுவன உரிமையாளர், பெருங்குடி

பதில்: ஒப்பந்தத்துக்கு முன்பே உங்களிடம் என்ன இருந்தது என்பதை வரைபடத்தோடு இணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சேர்ந்து உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு உரிமை, அதை வைத்துத் தொழில் செய்யும் உரிமம் உங்களுக்கு மட்டுமா, சோதனையில் கிடைக்கும் தரவு யாருடையது என்பவை அடுத்து வரவேண்டும்.

காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கலாம். பேராசிரியர் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதாக இருந்தால், விண்ணப்பம் போடும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே சொல்லிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். தயங்காமல் கேளுங்கள், நல்ல பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஆராய்ச்சி என்று வருகிறவர்கள் எங்கள் படகில் ஏறுகிறார்கள், எங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் ஆளையே காணோம். இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?
– படகு உரிமையாளர், காசிமேடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அண்ணே. எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே பாறை இருக்கிறது, எங்கே வலை கிழியும் என்று நீங்கள் சொல்லும் தகவல் இல்லாமல் எந்த நிறுவனமும் கருவியைச் சரியான இடத்தில் இறக்க முடியாது. அது கூலி கொடுக்க வேண்டிய அறிவு. டீசலோடு சேர்த்து உங்கள் நாள் கூலியையும் எழுத்தில் கேளுங்கள்.

ஒழுங்காக நடந்த கூட்டும் இருக்கிறது. தரமணி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செல்போன் சிப் செய்யும் குவால்காம் நிறுவனத்தோடு சேர்ந்து மீனவர்களுக்காக ஃபிஷர் ஃபிரண்ட் என்ற செயலியைக் கொண்டுவந்தது. காற்று, அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம் பற்றிய தகவலை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தருகிறது. கடலில் எடுத்த தகவல், கடலுக்குப் போகிறவர் கைக்கே திரும்பி வருகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தானே நிற்கிறது? கருவி பொருத்தும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொழில் நாள் வீணாகாது. உங்கள் படகில் பொருத்தும் கருவி காட்டுகிற அலை உயரமும் நீரோட்டமும் உங்கள் போனுக்கும் தமிழில் வரவேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் படகு கொடுக்காதீர்கள்.