மலை உச்சியில் ஹாம் வானொலி

கேள்வி: அண்ணை, ஆடியில் சுவிஸில் இருக்கும் மகளிடம் போகிறேன். என்னிடம் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி இருக்கிறது. அங்கே மலையேறி ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலியில் பேசலாமா? - வாசகர், மாங்குளம்

பதில்: பேசலாம். ஆனால் நம்முடைய அனுமதிப்பத்திரத்தை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். அந்நாட்டுத் தொலைத்தொடர்பு அலுவலகத்துக்கு இப்போதே எழுதி அனுமதி கேளுங்கள்.

உச்சிகளில் இருந்து பேசுவோருக்கென்றே 'சோட்டா' (SOTA, Summits on the Air) என்ற திட்டம் 2002இல் பிரித்தானியாவில் தொடங்கியது. உச்சியில் இருந்து நான்கு பேரோடாவது வானொலித் தொடர்பு எடுத்தால்தான் புள்ளி. வாகன மின்சாரம் செல்லாது. பற்றரியைச் சுமந்தே ஏற வேண்டும். லித்தியம் பற்றரி என்றால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் கரைச்சல் இல்லை.

5 வாட் கருவி தாராளம். பெரிய கருவியைக் காவிக்கொண்டு ஏறுவது வீண் வேலை என்பேன். 20 மீற்றர் அலைவரிசைக்கு அன்ரனாவாகக் கட்டும் அரை அலைக் கம்பி (அலைநீளத்தில் பாதி) சுமார் 10 மீற்றர் வரும். இரணைமடுப் பக்கம் நான் பாலை மரத்தில் கயிறு எறிந்து கட்டிவிடுவேன். அல்ப்ஸ் உச்சியில் மரம் ஏது? கம்பியைத் தூக்கிப் பிடிக்க, நீட்டி மடக்கும் தூண்டில் தடி ஒன்று வாங்குங்கள். அப்புறம், கோடையில் அங்கே பிற்பகல் இடிமழை சகஜம். காலையிலேயே ஏறுங்கள், முழக்கம் கேட்டால் தடியை மடக்கிவிட்டு உடனே இறங்குங்கள்.