லோயர் ஆர்ம் வாங்கப் போகிறீர்களா? பில்லைக் கேட்டு வாங்குங்கள்

மழை முடிந்து சாலைகள் இப்போது இருக்கும் லட்சணத்தில், கார் முன்பக்கச் சத்தம் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று துணிபவர்களும் கூடியிருக்கிறார்கள், நல்ல விஷயம். லோயர் ஆர்ம் என்பது முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை; சட்டத்தின் பக்கம் ரப்பர் புஷ், சக்கரத்தின் பக்கம் பால் ஜாயிண்ட் இருக்கும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2014 ஸ்விஃப்ட், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்னால் 'டக்'கென்று அடிக்கிறது. இரண்டு லோயர் ஆர்மும் போச்சு என்கிறார் மெக்கானிக். நானே மாற்றப் போகிறேன். எந்த கம்பெனி வாங்கட்டும்? (ஈரோடு)

பதில்: கம்பெனி அப்புறம். ஆர்ம்தான் போயிருக்கிறது என்று யார் பார்த்துச் சொன்னது? ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) லிங்க் ராடு தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும், ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) மேல் மவுண்ட் போனாலும் வரும். இவற்றில் லிங்க் ராடுதான் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம், ஆனால் காதால் கேட்டுவிட்டு நேராக ஆர்முக்குப் போய்விடுகிறார்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆர்மின் புஷ் பக்கம் ஒரு நீளமான கம்பியை விட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்து, ஆர்ம் தாராளமாக முன்னும் பின்னும் போனால் புஷ் போய்விட்டது. டயருக்கு அடியில் கம்பியைக் கொடுத்து மேலே நெம்பும்போது பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தாலோ அதுவும் மாற்ற வேண்டியதுதான். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, இதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆர்ம்தான் என்று உறுதியானால், ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் பார்ட் நம்பர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாடல் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே பாகம் மாறும். இடது வேறு, வலது வேறு. புஷ் மட்டும் மாற்றினால் செலவு குறையும், ஆனால் அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது புஷ்ஷும் கெடும், ஆர்மும் வளையும். பல சின்ன கார்களில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருவதால், வீட்டில் செய்கிறவருக்கு முழு ஆர்ம் வாங்குவதே நல்லது. கார் கம்பெனியின் பாகம் அல்லது அதற்கு சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பாகம், இரண்டில் எது என்றாலும் சரி.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அதே ஆர்ம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (தாம்பரம்)

பதில்: வேண்டாம். கதவு, விளக்கு, கண்ணாடி என்றால் தேடிப் பாருங்கள். ஆர்ம் மோதிய வண்டியிலிருந்து கழற்றியதா, லேசாக வளைந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: காரோடு வந்த ஜாக்கியே போதுமா, ஸ்டாண்ட் தனியாக வாங்க வேண்டுமா? (நாகர்கோவில்)

பதில்: வாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அது டயர் மாற்ற மட்டும் கொடுத்தது. நான் வாங்கிய ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி, பெட்டியில் பெரிய எழுத்தில் டன் கணக்கு போட்டிருந்தது, தூக்கி வைத்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே சீல் ஒழுகல். அடியில் ஸ்டாண்ட் இருந்ததால் வண்டி அதன் மேல் உட்கார்ந்தது. விற்ற கடை அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டையும் வையுங்கள்.

கேள்வி: பிரபலமான பிராண்டின் ஆர்ம் ஜோடி வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் இரண்டிலும் பால் ஜாயிண்ட் ஆட்டம். பில் இல்லை. 'பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட ஆகும்' என்றார்கள், விட்டுவிட்டேன். இப்போது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்கிறார்கள். (திண்டுக்கல்)

பதில்: உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் கடைக்காரர் மேல் இருக்கிறது. இந்தப் '18 பர்சென்ட் கூட' என்ற வசனத்தை ஸ்பேர்ஸ் கடை, டைல்ஸ் கடை, பேட்டரி கடை என்று எங்கு போனாலும் கேட்கிறேன். எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் சட்டவிரோதம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் (அதற்கு முன் பலவற்றுக்கு 28), அந்த 18 விலைக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஆர்.பி.யை விடக் குறைத்து விற்கிறார், அந்தக் குறைத்த விலைக்கு மேல் வரி என்கிறார், சரி, கூட்டினாலும் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது, பில் கட்டாயம் தர வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருக்கும் சின்னக் கடையாக இருந்தால் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கவே அவருக்கு உரிமை இல்லை. ஆக அவர் உங்களுக்கு வரியை மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை. பில் இல்லாத சரக்கு எங்கிருந்து வந்தது என்று அவரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. டூப்ளிகேட் பாகம் நுழைவது இந்த வழியாகத்தான். 'ஒரிஜினல்தான் சார்' என்று வாயால் சொல்கிறவர் அதையே பில்லில் பிராண்ட் பெயர், பார்ட் நம்பரோடு எழுதித் தர ஏன் தயங்க வேண்டும்?

என் பழைய சான்ட்ரோவுக்கு இப்படி ஒருவர் சத்தியம் செய்து கொடுத்த ஆர்ம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூட் கிழிந்து தண்ணீர் இறங்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே கரகரவென்றது. பெட்டி அசல் மாதிரியேதான் இருந்தது. அதனால் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள்: எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம் வருடம், புகார் தெரிவிக்கும் எண், இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருட்கள் விதி. இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். கம்பெனி கியூஆர் கோடு கொடுத்திருந்தால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே நின்று ஸ்கேன் செய்யுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பணத்தை யுபிஐ-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு ஒரு சாட்சி, வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால் அதுவும் சாட்சி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். கழற்றிய ஆர்மையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பெட்டியில் விலை விவரம் சரியில்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறையிடமும் சொல்லலாம், தமிழ்நாட்டில் எடையளவு சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள்தான். அந்த பிராண்டுக்கும் படத்தோடு எழுதுங்கள். தங்கள் பெயரில் போலி விற்கிற கடையை அவர்களும் தேடுவார்கள்.

கேள்வி: ஆன்லைனில் இடது, வலது என்று ஆர்டர் செய்தேன். இரண்டும் இடதாக வந்தது. லீவு கிடைத்தபோது பிரித்துப் பார்த்தேன், அதற்குள் 10 நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டதாம். (ஓசூர்)

பதில்: வந்த அன்றைக்கே பிரித்திருக்க வேண்டும். கார் பாகத்தைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டு மாதக் கடைசியில் பார்க்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள். ஆனாலும் அவர்கள் தப்பிக்க முடியாது. கேட்டதை அனுப்பாதது அவர்கள் தவறு. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஆர்டர் எண், படங்களோடு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்மை மட்டும் வண்டியில் மாட்டிப் பார்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பிராண்டட் ஆர்ம், பில்லும் இருக்கிறது. நானே மாற்றினேன். ஆறு மாதத்தில் புஷ் ரப்பர் கிழிந்துவிட்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் நன்றாக இறுக்கிவிட்டுத்தான் இறக்கினேன். (கரூர்)

பதில்: காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொள்ளும். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த முறுக்கோடு ஓடியிருக்கிறது, கிழியாமல் என்ன செய்யும்? புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு (ராம்ப்பில் ஏற்றியோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கியோ), இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பால் ஜாயிண்ட் நட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கலாம். செல்ஃப் லாக்கிங் நட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. வாரண்டிக்கு உங்களுக்கு வழியில்லை, புது ஆர்ம் வாங்குங்கள்.

கேள்வி: ஆர்ம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயமா? வண்டி நேராகத்தான் போகிறது. (விருத்தாசலம்)

பதில்: கட்டாயம். அலைன்மென்ட் செய்வதற்கு முன், பின் அளவுகள் இரண்டையும் பிரின்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவருடைய காரை அம்மா சர்வீஸுக்கு விட்டார். இரண்டு லோயர் ஆர்ம் மாற்றியதாக 9,800 ரூபாய் பில். இப்போது நான் ஊருக்கு வந்து குனிந்து பார்த்தால் துருப்பிடித்த பழைய ஆர்ம் அப்படியே இருக்கிறது. பழைய பாகமும் தரவில்லை. அம்மா 'விட்டுடு' என்கிறார். (மன்னார்குடி)

பதில்: விடாதீர்கள். தனியாக வந்த பெண்மணி என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள், இதைப் படித்தபோது மனது மிகவும் சங்கடப்பட்டது. உங்களிடம் பில் இருக்கிறது, அதுவே பெரிய பலம். வண்டியை இப்போது யாரிடமும் வேலைக்கு விட வேண்டாம். இரண்டு பக்க ஆர்மையும் நம்பர் பிளேட்டும் ஓடோமீட்டரும் தெரியும்படி தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, இந்த ஆர்ம்கள் சமீபத்தில் மாற்றப்படவில்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பழைய ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டு நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு 15 நாள் கெடு கொடுத்துப் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து ஒரு நோட்டீஸ். பணம் வரவில்லை என்றால் அம்மா பெயரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். அவர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் செய்யலாம். பணத்தோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள். ஆர்மின் நிலைமை மோசம் என்றால் அம்மா அந்த வண்டியை எடுக்க வேண்டாம், ஆதாரம் எல்லாம் கையில் வந்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் எழுதத் தெரியவில்லை என்றால் பில் நகலோடு எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.