பிஎல்சி படிப்பதற்கு நகையை அடகு வைக்கலாமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகன் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, நீடாமங்கலம் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். மில்லுக்கு, அரிசியை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் புது கலர் சார்ட்டரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் வைத்த பேனலும் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வந்த பிறகு, எது நின்றாலும் கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ் ஆள் வர வேண்டியிருக்கிறது. "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, இனி இங்கே எனக்கு மரியாதை இல்லை" என்று மனம் நொந்துபோய், வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் மூன்று மாத பிஎல்சி கோர்ஸில் சேரப் பார்க்கிறார். கட்டணம் எழுபதாயிரம் ரூபாய். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள் அம்மா. தம்பி வேலையையும் விட வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் தெரியாமல் இனி இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்று அவர் பயப்படுவது சரிதான். ஆனால் அதை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் வழி தவறுகிறார்.

பிஎல்சி என்பது பேனலுக்குள் இருக்கும் சின்னக் கணினி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. மில் நின்றதும் எல்லாருடைய பார்வையும் அதன் மேல்தான் போகும். ஆனால் பிஎல்சி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. கோளாறு பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். சல்லடை அதிர்ந்து அதிர்ந்து ஒரு டெர்மினல் திருகு தளர்ந்திருக்கும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் வேகத்தைத் தொடாமலே பார்க்கும் பிராக்ஸிமிட்டி சென்சார் முகத்தில் தவிடு அப்பியிருக்கும், அல்லது சென்சாரே ஒரு நூல் விலகியிருக்கும். கேபிளை எலி கடித்திருக்கும். 24 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு கெப்பாசிட்டர் உப்பிப்போய், லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கும். டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் உமித்தூசி அடைத்து, அது சூட்டில் தானாக நின்றுவிடும். கலர் சார்ட்டர் நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளுகிறது என்றால் கேமராவைக் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் கலந்து கெட்ட அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் எஜெக்டர் வால்வுகள் கெட்டிருக்கும்.

இதில் எதற்கும் பிஎல்சி புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மல்டிமீட்டரை எங்கே வைப்பது, என்ன அளவு வந்தால் சரி, வராவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும். சென்னையில் ஏசி அறையில், மேஜை மேல் வைத்த டெமோ கிட்டில் பல்பு எரிய வைத்துப் பழகிய பையனுக்கு இது கிடைக்காது. தினமும் மில்லுக்குள் நிற்கிற உங்கள் மகனுக்குக் கிடைக்கும். அந்த வாய்ப்பை அவர் விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சரி, எந்த வரிசையில் படிப்பது? இந்தப் பகுதியைத் தம்பியிடம் படிக்கக் கொடுங்கள்.

முதலில் பேனலின் வயரிங் வரைபடம். மிஷினோடு வந்த டிராயிங் மில் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். கேட்டு வாங்கி நகல் எடுக்கட்டும். ஒவ்வொரு வயர் எண்ணையும் பேனலில் தேடிக் கண்டுபிடிக்கப் பழகட்டும். கூடவே டிசி அடிப்படை: 24 வோல்ட் எங்கே பிறந்து எந்த ஃபியூஸ் வழியாக எங்கே போகிறது, ரிலே எப்படி வேலை செய்கிறது, பிஎன்பி, என்பிஎன் என்ற இரண்டு வகை சென்சார்களுக்கும் என்ன வித்தியாசம்.

அடுத்தது அளவு காட்டும் கருவிகள். டிரையரில் இருக்கும் பிடி100 வெப்பச் சென்சார், ஐஸ் தண்ணீரில் முக்கினால் 100 ஓம் காட்ட வேண்டும். 100 டிகிரியில் 138.5 ஓம். பாய்லரின் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். 0 முதல் 10 பார் வரை அளக்கிற கருவி என்றால், 4 மில்லி ஆம்பியர் வந்தால் 0 பார், 8 வந்தால் 2.5 பார், 12 வந்தால் 5 பார். எதுவுமே வரவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை இல்லை. பூஜ்யத்துக்கும் 4 மில்லி ஆம்பியர் என்று வைத்திருப்பதே, அழுத்தம் இல்லாததையும் அறுந்த வயரையும் பிரித்துக் காட்டத்தான். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மில் மட்டுமல்ல, சர்க்கரை ஆலை, மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எங்கே போனாலும் உதவும்.

அதற்குப் பிறகு டிரைவ். இதில் மட்டும் அவசரமே கூடாது. 415 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவுக்குள் டிசி பக்கம் ஏறக்குறைய 585 வோல்ட் நிற்கும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அந்தச் சார்ஜ் சில நிமிடம் இருக்கும், உயிரை எடுக்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, மீட்டரில் பார்த்துச் சார்ஜ் இறங்கியது உறுதியான பிறகே கை வைக்க வேண்டும். இன்னொன்று: உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை மோட்டாருக்குப் போடும்போது, டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றாமல் போடவே கூடாது. போட்டால் டிரைவ் போய்விடும். எலக்ட்ரீஷியன் வேலையில் நன்றாகத் தேர்ந்தவர்களே பழக்கத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் கைவந்த பிறகு பிஎல்சி படித்தால், படிப்பது ஒட்டும். அப்போதும் புதிதாகப் புரோகிராம் எழுதுவது இரண்டாம்பட்சம். ஓடுகிற புரோகிராமை லேப்டாப்பில் திறந்து எந்த இன்புட் வராமல் நிற்கிறது என்று பார்ப்பதும், பேக்கப் எடுத்து வைப்பதும்தான் மெயின்டனன்ஸ் ஆளுக்கு முதல் தேவை.

எங்கே படிப்பது என்றால், வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே தேடுங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 (கணினி, ரோபோ சார்ந்த நவீனத் தொழில்நுட்பம்) மையங்களாக மேம்படுத்தியிருக்கிறார்கள். தம்பி படித்த ஐடிஐக்கே நேரில் போய், அந்த மையம் அருகில் எங்கே இருக்கிறது, வேலை பார்ப்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று கேட்கட்டும். ஹைதராபாத் ராமாந்தபூரில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸும் பிராசஸ் இன்ஸ்ட்ருமென்டேஷனும் (ஆலையில் வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளக்கும் கருவிகள் பற்றியது) சொல்லிக்கொடுப்பதற்கென்றே, ஸ்வீடன் நாட்டு உதவியோடு 1974-ல் தொடங்கியது. இப்போது தேசிய திறன் பயிற்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே நடக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு முதலாளியே அனுப்பினால் நல்லது. ஒவ்வொரு முறையும் வெளியூர் ஆளுக்குக் கொடுக்கும் பணத்தையும், மில் நிற்பதால் ஆகும் நஷ்டத்தையும் தம்பி ஒரு நோட்டில் எழுதி வைத்துக் காட்டினால், எந்த முதலாளியும் யோசிப்பார். தை, மாசியில் சம்பா நெல் குவியும்போது லீவு கேட்க வேண்டாம். வேலை குறைந்த மாதம் பார்த்துக் கேட்கட்டும்.

மேலே படிக்க ஆசை இருந்தால், இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

"டெல்டாவில் பெரிய கம்பெனி எதுவும் வராதே, இங்கே இருந்து என்ன செய்வான்?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2020-ம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தாமிரம், அலுமினியம் உருக்காலை போன்றவை இங்கே புதிதாக வருவதைத் தடுக்கிறது. அது உண்மை. ஆனால் நெல் விளைகிற வரை அதை அவிக்க, உலர்த்த, அரைக்க, தரம் பிரிக்க ஆலை வேண்டும். அந்த ஆலைகளில் வருடத்துக்கு வருடம் சென்சாரும் டிரைவும் கூடிக்கொண்டேதான் போகின்றன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆள்தான் குறைவு. ஒரு மில்லில் பெயர் எடுத்தவரை நாலு மில்லில் கூப்பிடுவார்கள்.

பிளஸ் டூ முடிக்கப்போகிற மகளும் இதே துறைக்கு வரலாமா என்றால், தாராளமாக வரலாம். எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் இரண்டுமே இரண்டு வருடப் பிரிவுகள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், ஐடிஐயில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

தனியார் கோர்ஸ்தான் என்று தம்பி பிடிவாதமாக இருந்தால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு கிட்டுக்கு எத்தனை பேர், கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா, பாடம் எடுப்பவர் ஆலையில் வேலை பார்த்தவரா என்று கேட்கட்டும். "நூறு சதவீதம் வேலை" என்பவர்களிடம், போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இருவரிடமாவது பேசட்டும்.

அப்புறம், தம்பியை ஒருநாள் என்னிடம் அனுப்புங்கள் அம்மா. வரும்போது பேனல் வரைபடத்தின் நகலும், கடைசியாக மில் நின்றபோதெல்லாம் டிரைவில் என்ன எரர் காட்டியது என்று எழுதிய நோட்டும் கொண்டு வரட்டும். எந்தப் பயிற்சி முதலில் என்று அதை வைத்துச் சேர்ந்து முடிவு செய்யலாம்.