பிரசவத்தின்போது நான் சொன்னதை மருத்துவமனையில் யாருமே காதில் வாங்கவில்லை. குழந்தை நலம். ஆனாலும் மனம் ஆறவில்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை.

ஐந்து மாதம் ஆகிறது, வீட்டில் எல்லோரும் "அதான் குழந்தை நல்லா இருக்கே" என்கிறார்கள் என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதே வாக்கியத்தை என் வீட்டில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ண ஆரம்பித்து, பதினொன்றோடு விட்டுவிட்டேன். அத்தை, நாத்தனார், கீழ்வீட்டு அக்கா, ஊரிலிருந்து போன் செய்த பெரியம்மா. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் நம்மால் வாயைத் திறக்க முடியாது.

எனக்கு நடந்தது 2019 ஆகஸ்டில், பெங்களூரில். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா ஏழாம் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு 50,000 ரூபாய் வரை கிடைக்கும், பட்டியலில் இருந்த ஒரு மருத்துவமனை வீட்டிலிருந்து பத்து நிமிடம் என்பதால் இங்கேயே என்று முடிவானது. அம்மா ஜோலார்பேட்டையில் ரயிலேறி, கே.ஆர்.புரத்தில் இறங்கி, ஒரு பை நிறைய சுக்கும் திப்பிலியும் ஓமமுமாக வந்து சேர்ந்தார்.

ஊரில் இன்றும் சிலர், "கன்னடத்துக்காரங்க, பாஷை புரிஞ்சிருக்காது" என்கிறார்கள். அதுதான் இல்லை. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். இரவு ட்யூட்டி சிஸ்டர்கள் இருவரில் ஒருவர் ஓசூர்ப் பெண். ஆயா அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நல்ல தமிழ் பேசினார். அது போக, கன்னடத்திலும் வலிக்கு நோவு என்றுதான் பெயர், எங்கள் பாட்டியும் நோவு என்றுதான் சொல்வார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

பனிக்குடம் உடைந்து இரவு 11 மணிக்குச் சேர்ந்தேன். 2 மணிக்கு வலி வர டிரிப் போட்டார்கள். மூன்றரைக்கு மேல், ஒரு வலி விடுவதற்குள் அடுத்தது ஏறியது. "நடுவுல கேப்பே இல்ல சிஸ்டர்" என்றேன். "மொதப் பிரசவம் அப்படித்தான் இருக்கும், கத்தாதீங்க, முக்குறதுக்குத் தெம்பு வேணும்" என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஆக்ஸிடோசின் டிரிப் ஓடும்போது 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் வலி வந்துகொண்டே இருந்தால் சொட்டைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கருப்பை தளரும்போதுதான் குழந்தைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். நான் புலம்புவதாக அவர்கள் நினைத்தது, அவர்களே என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில். விடியும் முன் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. ஒரே ஓட்டம். 5.10-க்குக் குழந்தையின் தலையில் வேக்குவம் என்ற உறிஞ்சு கருவியை வைத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, 2.9 கிலோ, உடனே அழுதாள். இதுவரைக்குமான கதையை நான் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தையல் போட்டு முடித்து, 5.40 வாக்கில் லேபர் வார்டுக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். ரெக்சின் மெத்தை, மேலே ஒரு பச்சைத் துணி, எதிரே ஒரு கடிகாரம். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே வெந்நீர்ப் பை உடைந்த மாதிரி சூடாக இருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். "தீட்டு போகத்தானேம்மா செய்யும்" என்றார். அடுத்து, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் சொன்னேன். "மேடம்கிட்ட சொல்றேன்க்கா" என்று போனவள் திரும்பவில்லை. மூன்றாவது தடவை, "கண்ணு இருட்டுது சிஸ்டர், காதுல ஏதோ இரையுது" என்றேன். அவர் கதவருகிலிருந்தே, "ராத்திரி பூரா தூங்கலல்ல, கண்ணை மூடிப் படுங்க" என்றார்.

நான் கண்ணை மூடினேன். எத்தனையோ நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். சொன்ன பேச்சைக் கேட்டு, நல்ல பிள்ளையாக, கண்ணை மூடினேன்.

அம்மாவை உள்ளே விட்டபோது கையில் பால் பிளாஸ்க். பேசவில்லை, முதலில் என் காலைத் தொட்டார். பனிக்கட்டி மாதிரி இருந்ததாம். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைத் துணியைத் தூக்கினார். என் எடைக்கு மெத்தையில் விழுந்திருந்த பள்ளத்தில் ரத்தம் குளமாக நின்றது. துணியைத் தூக்கியதில் அது ஓரமாக வழிந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த அம்மாவின் வெறுங்காலில் சொட்டியது. அம்மா நடைபாதைக்கு ஓடி, "என் பொண்ணு செத்துட்டிருக்கா, எவளாவது வாங்கடி" என்று கத்தினார். ரேஷன் கடை வரிசையில்கூடக் குரல் உயர்த்தாதவர். இரண்டு நிமிடத்தில் ஆறு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். அம்மா கத்தியதில், நான் ஏற்கெனவே மூன்று முறை சொன்னதைவிடப் புதிதாக ஒரு விவரமும் இல்லை.

பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை தேங்காய் போல இறுக வேண்டும். அப்போதுதான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு ரத்தம் நிற்கும். என்னுடையது பிசைந்த மாவு மாதிரி இருந்ததாம். வயிற்றை அழுத்திப் பிசைந்தார்கள், ஊசிக்கு மேல் ஊசி, இரண்டு யூனிட் ரத்தம். பத்து மணிக்கு மேல்தான் எனக்கு முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆயா மட்டும் என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. 2020 ஜனவரியில், உங்களைப் போலவே ஐந்தாம் மாதத்தில், என் கேஸ் பேப்பர்களைக் கேட்டு வாங்கினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அடித்தளத்தில் ரெக்கார்ட்ஸ் பிரிவு. "டிஸ்சார்ஜ் சம்மரிதான் குடுத்தாச்சே மேடம்" என்றார் அங்கிருந்தவர். அது போதாது. அதில் "ரத்தப்போக்கு, உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கும். "இன்டோர் கேஸ் பேப்பர் முழுசும் வேணும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் 84 பக்கம் கிடைத்தது.

பிரசவம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பி.பி., கருப்பை இறுக்கம், ரத்தப்போக்கு எல்லாம் பார்க்க வேண்டும். என் தாளிலும் பார்த்திருந்தார்கள். 5.55, 6.10, 6.25, 6.40. நான்கிலும் பி.பி. 110/70, நாடி 84, கருப்பை இறுக்கம், ரத்தப்போக்கு இயல்பு, நோயாளி நலம். நான்கு வரியும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. அம்மா கத்தியபோது என் கணவர் வெளியே அவருடைய அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனை அப்படியே கட் செய்துவிட்டு ஓடி வந்தார். அழைப்புப் பட்டியலில் அந்த நேரம் 6.36. அதற்கு நான்கு நிமிடம் கழித்தும் அந்தத் தாளில் நான் நலம்.

நான் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தாளின்படி நான் பேசவே இல்லை.

இன்னொரு பக்கத்தில் "ரத்த இழப்பு சுமார் 1,200 மி.லி." என்று இருந்தது. 500 மி.லி. தாண்டினாலே அதிக ரத்தப்போக்குக் கணக்கில் வரும். அந்த 1,200 எப்படி வந்தது? கண்ணால் பார்த்து. இதே கர்நாடகத்தில், பெலகாவிப் பக்கம், பிரசவமான பெண்ணுக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கண்மதிப்பு விரிப்பின் அளவைவிடச் சராசரியாக 33 சதவீதம் குறைவாக இருந்தது. என்னைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த சிஸ்டருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அன்று இரவு நான்கு பிரசவம், ஆள் இரண்டே பேர். ஆள் போதாமல் வைத்து நடத்தியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவர்மேல் கோபமே இல்லையா என்றால், உண்டு. அந்த நான்கு வரியை எழுதிய நேரத்தில் ஒரே ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

மனம் ஆறவில்லை என்கிறீர்களே, அது உடம்பிலும் தெரிகிறதா என்று பாருங்கள். நான் நள்ளிரவில் எழுந்து போர்வையை விலக்கி மெத்தையைக் கையால் தடவிப் பார்ப்பேன், ஈரமாக இருக்கிறதா என்று. தினமும். ஒரு நாள் கணவர் விளக்கைப் போட்டு, "என்ன தேடுற?" என்றார். அதன் பிறகுதான் ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போனோம். பிரசவித்த பெண்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு 2009-இலிருந்து இருக்கிறது. பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். அப்புறம் ஒரு டாக்டர் நாற்பது நிமிடம் நான் சொல்வதைக் கேட்டார். நடுவில் ஒரே ஒருமுறைதான் குறுக்கிட்டார்: "எத்தனை தடவை சொன்னீங்க?" மூன்று என்றேன். குறித்துக்கொண்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அங்கே போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

புகாரைப் பற்றி: நான் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று இரண்டு வரி வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவில்லை, தெம்பில்லை. அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கர்நாடகத்தில் தனியார் மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட அளவில், டெபுடி கமிஷனர் (நம்மூர் கலெக்டர் மாதிரி) தலைமையில் உள்ள ஆணையம் விசாரிக்கும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். எதுவானாலும் கேஸ் பேப்பரை முதலில் வாங்கிவிடுங்கள்.

2022-இல் இரண்டாவது பிரசவம், வேறு மருத்துவமனை. முதல் விசிட்டிலேயே, ஸ்கேனைப் பற்றிக்கூடப் பேசாமல், "லேபர் வார்டுல என்கூட ஒருத்தர் இருக்கலாமா?" என்று கேட்டேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-இலிருந்தே துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள், மத்திய அரசும் 2016-இல் அரசு மருத்துவமனைகளுக்கு அதைச் சொல்லிவிட்டது. தனியாரில் அவரவர் இஷ்டம். இவர்கள் சரி என்றார்கள். உள்ளே போனதும் எதைச் சொன்னாலும் கூடவே, "அதைக் கேஸ் ஷீட்ல எழுதிக்கிறீங்களா சிஸ்டர்?" என்றேன். முதல் தடவை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் எழுதினார். எழுதுவதற்கு முன் பக்கத்தில் வந்து பார்க்கவும் செய்தார்.

அம்மா அவர்களையும் நம்பவில்லை. ஊரிலிருந்து பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தானும் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். "4.10 கால் சில்லுனு இருக்குன்னா. சொன்னேன். வந்து பாத்தாங்க. 4.25 வயிறு அமுக்கிப் பாத்தாங்க, கல்லு மாதிரி இருக்காம். 4.40 பாத்தாங்க. பேடு பாதிகூட நனையல." பின்பக்கத்தில் அந்த மாதப் பால் கணக்கு: அரை லிட்டர், 3-ஆம் தேதி வரவில்லை.