அந்நிய முதலீடு குவிகிற நாட்டில் நாமும் தொழிற்சாலை போடலாமா?

கேள்வி: நாங்கள் மையவிலக்கு பம்புகள் தயாரிக்கிறோம். ஏழு ஆண்டுகளாக ஒரு வெளிநாட்டுக்கு ஒரே விநியோகஸ்தர் மூலம் அனுப்பி வருகிறோம். அங்கே சென்ற ஆண்டு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். "பாதிக்குப் பாதி பங்கில் இங்கேயே தொழிற்சாலை போடுவோம். நிலம் என் பங்கு. உதிரி பாகங்களை நீங்கள் அனுப்புங்கள். இங்கே பூட்டிப் பக்கத்து நாடுகளுக்கும் வரியில்லாமல் விற்கலாம்" என்கிறார் விநியோகஸ்தர். அந்த நாட்டுக்கு வரும் அந்நிய முதலீடு இரு மடங்காகிவிட்டதாகச் செய்தியும் வருகிறது. இறங்கலாமா?

பதில்: இப்போது சொல்லியிருக்கும் வடிவத்தில் வேண்டாம். வேறு வடிவத்தில், ஓராண்டு கழித்து, ஒருவேளை சரிவரும். காரணங்களைப் பார்ப்போம்.

அந்த 'இரு மடங்கு' செய்தியை ஓரமாக வையுங்கள். ஒரு கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை வாங்கினாலே அது அந்நிய நேரடி முதலீடு என்ற கணக்கில் ஏறிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியை இன்னொருவர் வாங்குவது, சம்பாதித்த லாபத்தை வெளியே எடுக்காமல் அங்கேயே விடுவது, தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பது எல்லாம் அதில் சேர்த்தி. சின்ன நாட்டில் ஒரே ஒரு பெரிய கம்பெனி கைமாறினால் போதும், அந்த வருடக் கணக்கு எகிறிவிடும். புதிதாக ஒரு செங்கல்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சர்வதேச நாணய நிதியத்தின் இதழில் 2019-ல் வெளியான ஒரு ஆய்வு, உலகின் அந்நிய நேரடி முதலீட்டில் கிட்டத்தட்ட 40 சதவீதம், அதாவது சுமார் 15 லட்சம் கோடி டாலர், வரி மிச்சத்துக்காகக் காகிதக் கம்பெனிகள் வழியே கடந்து போகிற பணம் என்று கணக்கிட்டது. ஆறு லட்சம் பேர் வாழும் லக்சம்பர்க்கில் 4 லட்சம் கோடி டாலர் அந்நிய முதலீடு இருப்பதாகப் பதிவாகியிருந்தது. தலைக்கு 66 லட்சம் டாலர்! 2024 கணக்கும் இதே கதைதான். உலக முதலீட்டு ஓட்டம் 4 சதவீதம் கூடியதுபோல் தெரிந்தது. ஐரோப்பாவின் சில இடைவழி நாடுகள் ஊடாகப் போய்வந்த பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 11 சதவீதம் சரிவு என்றது ஐ.நா.வின் வணிக-வளர்ச்சி அமைப்பான அங்க்டாட்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மொத்தத் தொகை அல்ல. அங்கே புதிதாக எழும் ஆலைகளில் இயந்திரத் துறையைச் சேர்ந்தவை எத்தனை, உருக்கி ஊற்றிச் செய்யும் வார்ப்படமும் மோட்டாரும் உள்ளூரிலேயே தரமாகக் கிடைக்கின்றனவா என்பதுதான். இதற்கு அறிக்கை படிப்பதைவிட அங்குள்ள நான்கு வார்ப்படச் சாலைகளுக்கு நேரில் போய்வருவது மேல். ஏன் என்பது கீழே புரியும்.

அடுத்து வரி. வரி ஏறியதால் உள்ளே போய்த் தயாரிப்பது பழைய உத்திதான், தவறில்லை. ஆனால் தொழிற்சாலை போட்ட பணம் திரும்ப ஆறேழு வருடம் ஆகும். வரியை மாற்ற ஓர் இரவு போதும். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா பல நாடுகளுக்கும் தனித்தனி வரிகளை அறிவித்தது. அதிகமான விகிதங்களைப் பெரும்பாலான நாடுகளுக்கு ஏப்ரல் 9-ஆம் தேதியே 90 நாள் நிறுத்தி வைத்தது. அந்த ஒரு வாரத்துக்குள் யாராவது நிலம் வாங்கக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வரி பழைய அளவுக்கு இறங்கினாலும் அந்த ஆலை பிழைக்குமா என்று ஒரு கணக்குப் போடுங்கள். பிழைக்காது என்றால் நீங்கள் முதலீடு செய்யவில்லை, வரியின் மீது பந்தயம் கட்டுகிறீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு உறுத்திய வாக்கியத்துக்கு வருகிறேன்: 'பூட்டிப் பக்கத்து நாடுகளுக்கும் வரியில்லாமல் விற்கலாம்.' இதை அவர் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் சுங்கக் குறியீட்டை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஹெச்.எஸ். குறியீட்டில் மையவிலக்கு பம்பு 8413.70. பம்பின் உதிரி பாகங்கள் 8413.91. இரண்டுக்கும் முதல் நான்கு இலக்கம் ஒன்றேதான். பல வர்த்தக ஒப்பந்தங்கள், ஒரு பொருள் 'இங்கே உருவானது' என்று ஏற்க, வெளியிலிருந்து வந்த பாகத்துக்கும் முடிந்த பொருளுக்கும் இடையே அந்த நான்கு இலக்கத் தலைப்பே மாறியிருக்க வேண்டும் என்கின்றன. அந்த விதியின் கீழ் உங்கள் பாகங்களைப் பூட்டினால் தலைப்பு மாறாது. பம்பு அங்கே பூட்டப்பட்டிருந்தாலும் சுங்கத்தின் கண்ணுக்கு அது அந்த நாட்டுப் பொருள் ஆகாது.

அப்புறம் பரவலாக இருக்கும் மாற்று வழி: உள்ளூர் மதிப்புக் கூட்டல். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் ஒப்பந்தத்திலும், ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்.சி.இ.பி.யிலும் பரவலாகக் காணப்படும் அளவு 40 சதவீதம். பம்பு 100 டாலருக்குப் போகிறது, நீங்கள் அனுப்பும் பாகங்கள் 70 டாலர் என்றால் உள்ளூர் மதிப்பு 30தான்; தேறாது. பம்பின் வெளிக்கூட்டு வார்ப்படத்தை அங்கேயே வாங்கினால் தேறலாம். வார்ப்படச் சாலைகளைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். சில ஒப்பந்தங்களில் நான்கு இலக்கத் தலைப்பு மாறாவிட்டாலும் ஆறு இலக்க உட்தலைப்பு மாறினாலே போதும். உங்கள் நாடும் அதே ஒப்பந்தத்தில் இருந்தால் உங்கள் பாகங்களையும் உள்கணக்கில் சேர்க்க முடியும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் 8413-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு சுங்க ஆலோசகரை வைத்துப் படித்துவிடுங்கள். முடிந்தால் அந்த நாட்டுச் சுங்கத்திடமே முன்கூட்டிய தீர்ப்பு எழுத்தில் வாங்குங்கள்.

பாதிக்குப் பாதி பற்றி. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒத்துப்போகும்வரை எந்தப் பங்கீடும் ஓடும். முரண்படுகிற அன்று 50-50-இல் முடிவெடுக்க ஆளே இருக்காது. உங்கள் விஷயத்தில் முரண்பாடு எங்கே முளைக்கும் என்று இப்போதே சொல்லலாம்: பாகங்களின் விலையில். பாகத்தை விற்கும்போதே நீங்கள் லாபம் பார்த்துவிடுவீர்கள். அவருக்குக் கூட்டு நிறுவனம் லாபம் காட்டினால்தான் வரவு. இரண்டாம் வருடமே "பாகத்துக்கு விலை கூடுதலாகப் போடுகிறீர்கள்" என்று ஆரம்பிப்பார். அதே விலையை அந்த நாட்டு அரசும் இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கும். சுங்கத்துறை 'விலையைக் குறைத்துக் காட்டுகிறாய்' என்று சந்தேகப்படும். வருமான வரித்துறை 'விலையை ஏற்றி லாபத்தை வெளியே கடத்துகிறாய்' என்று சந்தேகப்படும். விலை எப்படி நிர்ணயமாகும் என்ற சூத்திரம் ஒப்பந்தத்தில் முதல் நாளே இருக்க வேண்டும்.

நிலத்துக்கு அவர் சொல்லும் மதிப்பை அப்படியே ஏற்காதீர்கள். நீங்கள் போடுவது ரொக்கமும் இயந்திரமும். அவர் போடுவது ஒரு மதிப்பீட்டுத் தாள். நிலத்தைக் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடச் சொல்லிப் பாருங்கள். வாடகையை அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

பிரிவது பற்றிய பக்கத்தைச் சேரும்போதே எழுதுங்கள். யார் யாரை வாங்கலாம், எந்த விலைக்கு, தகராறு வந்தால் எந்த ஊர் நடுவர் மன்றம் என எல்லாம் அதில் வேண்டும். நடுவர் தீர்ப்பைப் பல நாடுகளில் நிறைவேற்ற வைக்கும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் அந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, அதனால் அநேகமாக இருக்கும். அதைவிடப் பெரிய கேள்வி, லாபத்தை டாலராக மாற்றி வெளியே எடுக்க முடியுமா என்பது. சட்டத்தில் அனுமதி இருக்கும், வங்கியில் டாலர் இருக்காது. 2023-ல் நைஜீரியாவில் டிக்கெட் விற்ற பணத்தில் 80 கோடி டாலருக்கு மேல் விமான நிறுவனங்களால் வெளியே எடுக்க முடியாமல் தேங்கி நின்றது. ஏற்கெனவே அங்கே இருக்கும் இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்காளர்களிடம் "சென்ற ஈவுத்தொகை கைக்கு வர எத்தனை மாதம் ஆனது?" என்று கேளுங்கள். இருபது அறிக்கை சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சரி, அதுவரை சும்மா இருப்பதா? இல்லை. உங்கள் பெயரில் ஒரு சிறு விற்பனை நிறுவனம் தொடங்கி, சுங்கத்தின் கண்காணிப்பில் இருக்கும் பாண்டட் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சரக்கு வையுங்கள். கிடங்கிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் வரி என்பதால் பணம் முடங்காது. பழுது பார்க்க உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள். ஏழு வருடமாக உங்கள் பம்பை யார் வாங்குகிறார்கள் என்றே உங்களுக்கு நேரடியாகத் தெரியாது, விநியோகஸ்தர் சொல்லித்தான் தெரியும். அந்த ஆள் ஓராண்டில் அனுப்பும் பழுதுப் பட்டியலே உங்கள் சந்தை ஆய்வு. ஒன்று மட்டும் கவனம்: நிறுவனத்தைப் பதிவு செய்யும் முன்பே அவர் போய் உங்கள் பெயரில் ஆர்டர்களைப் பேசி முடிக்கத் தொடங்கினால், அங்கே உங்களுக்கு 'நிரந்தர அமைவிடம்', அதாவது நிலையாகத் தொழில் நடத்தும் இடம், உண்டாகிவிட்டது என்று சொல்லி அந்த நாடு வருமான வரி கேட்கலாம். ஆளை அனுப்புவதற்குள் பதிவை முடித்துவிடுங்கள்.

கடைசியாக, விநியோகஸ்தரிடம் பேசுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்: அந்த நாட்டு வர்த்தகச் சின்னப் பதிவேட்டில் உங்கள் பிராண்டு பெயரைத் தேடிப் பாருங்கள். பல நாடுகளில் முதலில் பதிவு செய்தவருக்கே உரிமை. விநியோகஸ்தர் நல்லெண்ணத்தோடு, 'பாதுகாப்புக்காக' தன் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பேச்சுவார்த்தை நிலத்திலிருந்து தொடங்காது, அந்தச் சின்னத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவதிலிருந்து தொடங்கும்.