இரட்டைக் குட்டிக்குக் கிடாயை மாற்றினால் போதுமா?

"என் வெள்ளாடுகள் ஒற்றைக் குட்டிதான் போடுகின்றன. இரட்டைக் குட்டி மரபணு உள்ள கிடா என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது பட்டியில் இருக்கும் ஆடுகள் அடுத்த ஈத்தில் இரட்டை போடும் என்று நம்பி வாங்குவதானால், வேண்டாம். எத்தனை குட்டி என்பது பெட்டை ஆட்டுக்கு அந்தப் பருவத்தில் எத்தனை முட்டை வெளிவருகிறது என்பதில் இருக்கிறது. வந்த முட்டையைக் கருவாக்குவதுதான் கிடாயின் வேலை. வராத முட்டையை அதனால் வரவழைக்க முடியாது. கிடாயிடம் நல்ல மரபணு இருந்தால் அது அதன் மகள்களிடம்தான் தெரியும்.

இது புரிய எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. கோவில்பட்டிப் பக்கம் கன்னி ஆடு வளர்க்கிறோம். ஈத்துக்கு ஈத்து இரட்டை போட்ட ஒரு தாயின் கிடாக்குட்டியை அப்பா வாங்கி வந்தார். முதல் வருடம் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தக் கிடாயைச் சந்தையில் விற்றுவிட்டோம். அப்புறம் அதன் பெட்டைக் குட்டிகள் ஐந்து வளர்ந்தன. தலைஈத்தில் ஒன்று மட்டும் இரட்டை போட்டது, இரண்டாம் ஈத்தில் நான்கு. அந்த வருடம் மழையும் மேய்ச்சலும் நன்றாக இருந்தன, எல்லாப் பெருமையும் கிடாய்க்கே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை விற்றதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

சரி, "இரட்டைக் குட்டி மரபணு" என்று ஒன்று உண்டா? செம்மறியில் உண்டு. சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறியில் இருக்கும் ஃபெக்-பி என்ற மாற்றம் அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வங்காளச் செம்மறிகள் வழியாக ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவுக்கும் போய்ச் சேர்ந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த மரபணு என்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே பெட்டைக்கு ஈத்துக்குச் சராசரியாக ஒரு குட்டி கூடுகிறது. மகாராஷ்டிராவின் பல்டனில் இதைத் தக்காணிச் செம்மறியில் கலந்து பலனும் கண்டிருக்கிறார்கள்.

வெள்ளாட்டில் கதை வேறு. சின்ன உடம்பு கறுப்பு வங்காள ஆடு இரண்டு, மூன்று போடும். உயரமாக நிற்கும் ஜமுனாபாரி பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் ரத்தத்தில் இருப்பது உண்மை. ஆனால் கறுப்பு வங்காள ஆட்டில் ஃபெக்-பி இருக்கிறதா என்று தேடியவர்களின் முடிவுகளே ஒத்துப்போகவில்லை. ஜிடிஎஃப்9, பிஎம்பி15 போன்ற மரபணுக்களில் இனத்துக்கு இனம் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிகின்றன. ஓர் இனத்தில் பலன் தருவதுபோல் தெரிவது இன்னோர் இனத்தில் தருவதில்லை. அதனால் ஒரே மரபணுவின் பெயரைச் சொல்லி வெள்ளாட்டுக் கிடா விற்பவரை நான் நம்ப மாட்டேன்.

உங்களிடம் இருக்கும் ஆடுகளுக்கு, இணை சேர்க்கும் முன் இரண்டு மூன்று வாரம் அடர்தீவனம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். மெலிந்த ஆட்டில் இதற்குப் பலன் தெரியும். எந்த ஆடு எந்த ஈத்தில் எத்தனை போட்டது, எத்தனை பிழைத்தது என்று நோட்டில் எழுதுங்கள். தலைஈத்தை வைத்து எந்த ஆட்டையும் கழித்துவிடாதீர்கள். கிடா வாங்கப் போனால் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று ஈத்தாவது கண்ட ஆடாக இருக்க வேண்டும், இரண்டு குட்டிக்கும் பால் கொடுத்து வளர்த்திருக்க வேண்டும். தாயைக் காட்டத் தயங்கினால் அங்கே விலை பேசவே வேண்டாம்.