கேள்வி–பதில்: வலி மாத்திரை போதையும் சட்டமும்

ஓபியாய்டு வகை (அபின் போல வேலை செய்யும்) வலி மாத்திரைகள், ஹெராயின், மார்ஃபின், இவற்றைச் சுற்றியுள்ள சட்டங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சட்டமும் மனநல மருத்துவமும் மருந்துக் கடை நடைமுறையும் தெரிந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் டாக்டரே போலீஸுக்குச் சொல்லிவிடுவார், கேஸ் ஆகிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டு வருபவரைப் பற்றி மருத்துவர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோய்க் கணக்கில்தான் வைக்கிறது. அதன் 23-வது பிரிவின்படி சிகிச்சை விவரங்கள் ரகசியம். உறவினர்கள் நல்லெண்ணத்தில் சொன்னாலும், அவர்கள் தடுக்கும் ஒவ்வொரு வாரமும் பையனுக்குத்தான் நஷ்டம். மாத்திரையில் மருந்தோடு மாவும் டால்க்கும் பசைப் பொருளும் இருக்கின்றன. அவை தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். ஊசி போட்ட இடத்தில் சீழ்க் கட்டி வரும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எனப் பட்டியல் நீளும்.

இனி கேஸ் விஷயம். பொதுவாக நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 27-வது பிரிவில், பயன்படுத்துவதற்கே தண்டனை உண்டு. ஹெராயின், மார்ஃபின், கோகெய்ன் என்றால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம், 10,000 ரூபாய். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் 27-வது பிரிவிலோ, சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலோ குற்றம் சாட்டப்பட்டு, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. குடும்பங்களுக்குச் சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு. பயத்தில் யாரும் அதைத் தட்டுவதில்லை.

இந்தப் பிரிவு கைகொடுக்காமல் போவது பெரும்பாலும் காகிதத்தால்தான். சிகிச்சை அரசோ உள்ளாட்சியோ நடத்தும், அல்லது அங்கீகரித்த இடத்தில் நடந்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியே பெயர்ப்பலகை மட்டும் வைத்திருக்கும் ‘மறுவாழ்வு இல்ல’த்தின் ரசீது எடுபடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் கொடுத்த விலக்கையே ரத்து செய்யலாம். அதனால் முதல் நாள் ஓ.பி. சீட்டிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, மறுபரிசோதனைத் தேதி வரை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். தீர்ப்பில் குற்றவாளி என்று ஆன பிறகும், 39-வது பிரிவின்படி நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். அப்போதும் கேட்கப்போவது அந்த ஃபைலைத்தான்.

பையனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ‘நண்பனுக்கும் சேர்த்து வாங்கினேன், காசு வாங்கிக்கொண்டேன்’ என்ற ஒரு வரி வாக்குமூலத்தில் ஏறினால், பயன்படுத்தியவர் விற்றவராகிவிடுவார். அதற்கு மேல் 64ஏ துணைக்கு வரும் என்று நம்ப முடியாது.

கேள்வி: எத்தனை மாத்திரை வரை ‘சிறு அளவு’? (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: சட்டம் மாத்திரையை எண்ணுவதில்லை, எடை போடுகிறது. 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். ஹெராயினுக்கும் இதே கணக்கு. போதைச் சிகிச்சையிலும் தரப்படும் புப்ரனார்ஃபினுக்கு 1 கிராம், 20 கிராம்.

எதை எடை போடுவது என்பதில்தான் ஆபத்து. 2008-ல் உச்ச நீதிமன்றம், கலவையில் உண்மையான மருந்து எவ்வளவோ அதை மட்டும் பார்க்கச் சொன்னது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலப்புப் பொருளையும் சேர்த்து மொத்த எடைதான் என்றது. ஒரு டிரமடால் மாத்திரையில் மருந்து 100 மில்லிகிராம், மாத்திரையின் எடை 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இரண்டு அட்டை, 20 மாத்திரை. மருந்து வெறும் 2 கிராம். மொத்த எடை 6 கிராம். பழைய கணக்கில் சிறு அளவு, ஓராண்டுக்குள் முடிந்துவிடும். புதிய கணக்கில் அது இடைப்பட்ட அளவு. பத்தாண்டு வரை போகலாம், 64ஏ-யும் இல்லை. 834 மாத்திரையில் வணிக அளவைத் தொட்டுவிடும். அங்கே குறைந்தபட்சமே பத்தாண்டு, குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் நம்பினால் ஒழிய ஜாமீன் இல்லை என்ற 37-வது பிரிவின் கெடுபிடி வேறு. தெருவில் விற்கும் பொடியில் எவ்வளவு கலப்படமோ அவ்வளவுக்கு வாங்கியவருக்குத் தண்டனை கூடுகிறது என்பது இந்தத் தீர்ப்பின் விசித்திரமான விளைவு.

டேபென்டடால் என்ற மாத்திரை பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். 2018-ல் டிரமடாலைச் சேர்த்தபோது இதைச் சேர்க்கவில்லை. வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கதவைச் சாத்தியதும் வியாபாரம் பக்கத்துக் கதவுக்குப் போய்விட்டது. அதனால் தமிழ்நாட்டில் டேபென்டடால் விற்பவர் மீது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தைத்தான் முக்கியமாக நம்ப வேண்டியிருக்கிறது. உரிமம் இல்லாமல் விற்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டு, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

கேள்வி: மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சீட்டு இருந்தால் கொடுத்துவிடலாமா? சீட்டு உண்மையா என்று நான் எப்படிப் பார்ப்பது? (வாசகர், சேலம்)

பதில்: சீட்டு இருப்பது பாதி வேலை. டிரமடால், புப்ரனார்ஃபின், கோடீன், பென்டசோசின், அல்பிரசோலம் எல்லாம் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில், அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள சீட்டு மருந்துகளின் பட்டியலில் இருப்பவை. தனிப் பதிவேடு வேண்டும். எழுதிய மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். மூன்று ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.

பெரும்பாலான கடைகள் தவறவிடுவது வேறொன்று. மருந்து கொடுத்ததும் சீட்டிலேயே, மருத்துவர் கையெழுத்துக்கு மேலே, கடையின் பெயர், முகவரி, தேதியை எழுத வேண்டும் என்று மருந்து விதிகளின் 65-வது விதி சொல்கிறது. மருத்துவர் வேறுவிதமாக எழுதாத வரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். முத்திரை குத்தாமல் திருப்பிக் கொடுத்தால், அதே சீட்டு அன்று மாலைக்குள் நாலு கடை ஏறி இறங்கிவிடும். பிடிபடும்போது கடைசிக் கடை மட்டும் மாட்டும்.

சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா, எண்ணிக்கை மட்டும் வேறு மையில் திருத்தப்பட்டிருக்கிறதா, ஜெராக்ஸா என்று பாருங்கள். வலி மாத்திரையோடு டிஸ்டில்டு வாட்டரும் சிரிஞ்சும் சேர்த்துக் கேட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. சந்தேகம் என்றால் சீட்டில் உள்ள கிளினிக்குக்கு ஒரு போன். டேபென்டடாலையும் எச்1 மருந்து மாதிரியே பதிவேட்டில் ஏற்றுங்கள். வாங்கிய பில்லும் இருப்பும் பதிவேடும் ஒத்துப்போகிறதா என்றுதான் மருந்து ஆய்வாளர் முதலில் பார்ப்பார். 500 மாத்திரை வாங்கி, 40-க்குக் கணக்கு வைத்து, இருப்பு காலி என்றால் எந்த விளக்கமும் நிற்காது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஊருக்குப் பஸ்ஸில் எடுத்துப் போகலாமா? இதுவே போதை ஆகிவிடாதா? (மகள், கும்பகோணம்)

பதில்: எடுத்துப் போகலாம். மருத்துவர் எழுதி, விதிப்படி கொடுக்கப்பட்ட அளவை நோயாளி வைத்திருப்பது குற்றமல்ல. சீட்டும் மருத்துவமனை அட்டையும் மாத்திரையோடு ஒரே பையில் இருக்கட்டும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம்.

1985 சட்டம் வந்த பிறகு இந்தியாவில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு அடியோடு சரிந்தது. பல துறைகளில் பல உரிமம், ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதி. மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. அபின் தரும் பாப்பிச் செடி விளையும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். வலி நிவாரண மருத்துவர்கள், முக்கியமாகக் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர், நீண்ட காலம் போராடியதில் 2014-ல் திருத்தம் வந்தது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் ஆயின. பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள நிறுவனம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் பெற்றால் போதும்.

போதை பற்றிய பயத்தால் ‘வலி தாங்க முடியாதபோது மட்டும்’ என்று மாத்திரையை மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் குறைந்த அளவிலேயே வலி அடங்கும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், எத்தனை நாளானாலும் பழகாது. மலமிளக்கியைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய மாத்திரையைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்து, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: போதை மீட்புச் சிகிச்சையில் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு போதைக்கு இன்னொரு போதைதானே? முதல் நாள் தம்பிக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது. (வாசகர், சென்னை)

பதில்: அது புப்ரனார்ஃபின். மூளையில் ஹெராயின் உட்காரும் அதே இடத்தில் உட்காரும், இன்னும் இறுக்கமாக. ஆனால் ஓரளவே தூண்டும். அதனால் ஏக்கம் அடங்கும், மூச்சு அடங்காது. மெதடோனும் இதுவும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்தச் சிகிச்சையில் நீடிப்பவர்களின் மரண ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது.

தம்பிக்கு நடந்தது, சீக்கிரம் கொடுத்ததால். உடம்பில் ஹெராயினோ மாத்திரையோ இன்னும் இருக்கும்போது இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். விரைவிலேயே கடுமையான விலகல் அறிகுறிகள், அதாவது போதை திடீரென நின்றால் உடம்பு படும் பாடு. கடைசியாகப் போதை எடுத்து சுமார் 12 மணி நேரம் கழித்து, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, கண்பாவை விரிதல் தெரிந்த பிறகு 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். ‘எப்போது கடைசியாக எடுத்தாய்’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். விழுங்கினால் வேலை செய்யாது. ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல், எச்சில் விழுங்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: தனியார் போதை மறுவாழ்வு மையத்தில் கட்டிப் போட்டு வைக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கிறதா? (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை. எந்த வடிவிலும் சங்கிலியிட 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவில் தடை. சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் 89-வது பிரிவு: ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும், அதிகபட்சம் 30 நாள். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால் அங்கே விடாதீர்கள்.

கேள்வி: அளவு மீறி மயங்கிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் இருக்கும் மூக்கு ஸ்பிரே இங்கே கிடைக்குமா? (கல்லூரி விரிவுரையாளர், கோவை)

பதில்: கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஏழெட்டு, உதடு நீலம், குறட்டை போன்ற ஓசை. ‘நன்றாகத் தூங்குகிறான்’ என்று விட்டுவிடுவதால்தான் பலர் சாகிறார்கள். மார்பெலும்பைக் கைமுட்டியால் அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை என்றால் 108. மூச்சு நின்றிருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடி இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போகும்.

போதையை முறிக்கும் மருந்து நலாக்ஸோன். அமெரிக்காவில் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரேயை 2023 மார்ச்சில் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தார்கள். இங்கே வழக்கமாக இருப்பது 0.4 மில்லிகிராம் ஊசி ஆம்பூல், மருத்துவரிடம்தான். கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்து உட்காருவார். ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வேலை முடிந்து, உள்ளே இருக்கும் போதை மருந்து மறுபடி மூச்சை அடக்கும். எழுந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், உயிர் காக்க ஆம்புலன்ஸை அழைத்தவர் மீது போதை வைத்திருந்த வழக்குப் போடுவதைத் தடுக்கும் சட்டம் உண்டு. 2007-ல் நியூ மெக்சிகோ தொடங்கி வைத்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ சாலை விபத்தில் உதவுபவரைக் காக்கிறது, போதை மயக்கத்துக்கு அதுபோல் ஒன்றும் இல்லை. இது பெரிய ஓட்டை. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதி, அவுட்போஸ்ட் போலீஸுக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து வாக்குமூலம் கேட்பார். அது வழக்கமான நடைமுறை. அதனாலேயே போதை வழக்கு ஆகிவிடாது. என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்ததா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டிரமடால் என்றால் வலிப்பும் வரலாம், அதை நலாக்ஸோன் நிறுத்தாது.

சிகிச்சை முடித்து வந்தவர், சிறையிலிருந்து வெளியே வந்தவர் இருவருக்கும்தான் ஆபத்து மிக அதிகம். சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்குசக்தி போய்விடும். பழைய அளவே எமனாகும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, அடுத்த மருந்துச் சீட்டும் தேதியும் கையில் இல்லாமல் படி இறங்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.